கோட்டையை உழுதாங்க... கல்லறையை விட்டுவெச்சோம்!

கங்கைகொண்டான்னா இப்போ சிப்காட்டும் மான் சரணாலயமும்தான் ஞாபகத்துக்கு வரும். அதே நான்குவழிச் சாலையில் மதுரைப் பக்கம் போனால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். சிவாஜி கணேசன் இடம் வாங்கி நிறுவிய சிலையோடு ஒரு செல்ஃபி எடுத்துட்டு, பலரும் அப்படியே திரும்பிடுறாங்க. அப்படியே கிழக்கே, வ.உ.சி பிறந்த ஒட்டப்பிடாரம் வரைக்கும் போங்க. அங்கிருந்து 3 கி.மீ-ல் பாஞ்சாலங்குறிச்சி.

இங்கே நினைவுக்கோட்டையைப் பார்க்க வர்றவங்க அதிகம் எட்டிப்பார்க்காத இடம் ஒண்ணு பக்கத்துலேயே இருக்கு. கோட்டையைப் பிடிக்க வந்து உயிரைவிட்ட ஆங்கிலேயர்களின் கல்லறைகள்!

சண்டை ஒருமுறையோடு முடியலை. 1799 செப்டம்பர் 5-ல் மேஜர் பானர்மேன் நடத்திய தாக்குதலில் லெப்டினென்ட் காலின்ஸ் உள்ளிட்ட அதிகாரிகள் செத்தார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிந்த கோட்டையைச் சில நாள்களிலேயே மறுபடி எழுப்பினார். மார்ச் 31-ல் மோதிய கம்பெனிப் படை பலத்த அடி வாங்கியது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-ல் வெளியான தன் நினைவுக்குறிப்புகளில் ஊமைத்துரையை வியந்து எழுதியிருக்கார். எதிரியே எழுதின பாராட்டு!

ஆனா, கம்பெனி அப்படி நடந்துக்கலை. 1801 நவம்பரில் ஊமைத்துரையைக் கொன்றது. கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது ஆமணக்கு விதைத்தது. ஊர்ப் பெயரையே கணக்குகளிலிருந்து அடித்தது. செத்துப்போன தன் ஆள்களுக்கு மட்டும் கல்லறை கட்டியது.

1974-ல் தமிழக அரசு அங்கே நினைவுக்கோட்டை கட்டியது. பழிக்குப் பழின்னு அப்போ கல்லறைகளை இடிச்சிருக்கலாம். யாரும் இடிக்கலை. ரெண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கி போட்டோ எடுத்துக்கிற சமாதானத்தைவிட இது பெரிசுன்னுதான் எனக்குத் தோணுது.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. கம்பெனிப் படையில் பெரும்பகுதி நம்ம நாட்டுச் சிப்பாய்கள்தான். அதிகாரியோ கடைநிலை வீரரோ, ஒரே மாதிரி கல் என்கிற வழக்கம், 1917-ல் பிரிட்டன் போர்க் கல்லறைகளுக்கு ஆணையம் அமைத்த பிறகுதான் வந்தது. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அதைப் பார்க்கலாம். பாஞ்சாலங்குறிச்சியில் ரெண்டு பக்கமும் நின்று செத்த நம்மூர் ஆள்களில் பலருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.