நாயுடன் வன்னியில் இரண்டு நாள்: புறப்படும் முன் அறியவேண்டியவை

வார இறுதியில் வன்னிப் பக்கம் போய் ஒரு கபானாவில் தங்கிவர நினைக்கும் குடும்பங்கள் சில, வளர்ப்பு நாயையும் கூட்டிச்செல்ல விரும்புவதுண்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களில் பலர் நாயை அவிழ்த்துவிட்டுத்தான் நடந்தார்கள். 2009 வரை வன்னிக்குள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தவர்களுக்கும் அதுவே நடந்தது. நாயை உடன் கொண்டுபோவது எங்களில் பலருக்குச் சின்ன விடயம் அல்ல. ஆனால் அந்த நிலத்தில் நாய்க்குத் தெரியாத ஆபத்துகள் இன்னும் உண்டு.

புறப்படும் முன்

விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்பட வேண்டும். ஊசி அட்டையைக் கையில் வைத்திருங்கள். கழுத்துப்பட்டியில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிவிடுங்கள். தெரியாத ஊரில் தொலைந்த நாய் தானாக வீடு திரும்பாது. தங்குமிடத்துக்கு முன்கூட்டியே பேசி மூன்று விடயங்களைக் கேளுங்கள்: நாய்க்கு அனுமதி உண்டா, வளவுக்கு வேலி உண்டா, அங்கே வேறு நாய், ஆடு, கோழி நிற்கிறதா?

வழியில்

மூடிய வாகனத்தில் நாயைத் தனியே விடக்கூடாது. வெயிலில் நிற்கும் வாகனத்தின் உள்வெப்பம் 10 நிமிடத்தில் ஏறத்தாழ 10 பாகை உயரும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். இடையிடையே நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். திராட்சை, சொக்லேட், வெங்காயம் மூன்றும் நாய்க்கு நஞ்சு.

சங்கிலியைக் கழற்றாதீர்கள்

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. 2018 ஜூனில் அது இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது. நிலத்தைச் சுத்தம்செய்ய அது தரும் காலம் 10 ஆண்டுகள். முகமாலை போன்ற இடங்களில் பெருமளவு மிதிவெடிகள் அகற்றப்பட்டிருக்கின்றன. ஆனாலும் பற்றைக்காடுகளையும் கைவிடப்பட்ட காணிகளையும் பாதுகாப்பானவை என்று தாமாகவே முடிவுசெய்ய முடியாது. சிறிய மிதிவெடி வெடிக்க ஓர் ஆளின் முழு எடை தேவையில்லை. மாரி மழை மண்ணை அரித்துப் பழைய வெடிபொருட்களை வெளியே கொண்டுவரும்.

ஆகவே ஊரவர் நாளாந்தம் பாவிக்கும் பாதையில் மட்டும் நடவுங்கள். மண்டையோட்டுப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். நாய் பற்றைக்குள் ஓடிவிட்டால் பின்னால் போகாதீர்கள். பாதையில் நின்றே கூப்பிடுங்கள். எதையாவது கவ்வி வந்தால் பறிக்க முயலவேண்டாம். நாயைத் துரத்தாமல் பிள்ளைகளுடன் விலகி நில்லுங்கள். அது கீழே போட்ட பொருளைத் தொடாமல், இடத்தை நினைவில் வைத்து 119க்கு அறிவியுங்கள்.

குளமும் காடும்

வன்னிக் குளங்களில் முதலைகள் உண்டு. கரையில் தண்ணீர் குடிக்கும் நாய் அவற்றுக்கு இலகுவான இரை. போத்தல் தண்ணீரே போதும். இருட்டியபின் புடையன் பாம்பு நடமாடும், நாயை உள்ளே எடுத்துவிடுங்கள். தேசிய பூங்காக்களுக்குள் வளர்ப்பு நாய்களைக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்துக்கும் இது பொருந்தும். வலசை வரும் பறவைகள் இரைதேடும் இடம் அது.

நாய் கடித்தால்

உங்கள் நாய் யாரையாவது கடித்தாலோ, ஊர்நாய் உங்களைக் கடித்தாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், தடுப்பூசி இலவசம். ஊர்நாய் உங்கள் நாயைக் கடித்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீடு திரும்பியதும் காதுக்குள்ளும் விரல்களுக்கிடையிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சில நாட்களில் நாய் சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள், எங்கே தங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.