சதுரங்கக் காய்ப்பெயர்களும் கற்பித்தலும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

சதுரங்கம் கற்பிக்கும் ஆசிரியர் முதல் நாளில் செய்யும் பணி பெயர் சூட்டுதலாகும். அறுபத்து நான்கு கட்டங்களைக் காட்டியபின் ஒவ்வொரு காயாகக் கையில் எடுத்து, அதன் பெயரையும் அது செல்லும் வழியையும் கூறுவார். பெயரும் இயக்கமும் மாணவர் மனத்தில் ஒன்றாகவே பதிகின்றன. ஒரு மொழி மட்டும் வழங்கும் ஊரில் இதனால் இடர் தோன்றுவதில்லை. இரு மொழிகள் அருகருகே வழங்கும் நிலப்பகுதியில், அவ்விரு மொழிகளும் ஒரே சொல்லை வெவ்வேறு காய்களுக்கு வழங்குமாயின், முதற்பாடமே சிக்கலுக்குள்ளாகிறது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறம் அத்தகைய நிலப்பகுதியாகும். தமிழ், மலையாளக் காய்ப்பெயர்கள் வேறுபட்டமைக்கான வரலாற்றையும், அவ்வேறுபாடு கற்பித்தலிலும் மொழிபெயர்ப்பிலும் விளைவிக்கும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நிலமும் மொழியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரும் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்குநாடும் கேரளமும் நெடுங்காலமாகத் தொடர்பு கொண்டுள்ளன. சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் முதலிய ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. தெற்கே தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளில் தேயிலை, ஏலத் தோட்டங்களின் பொருட்டுக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது இப்பகுதிகள் கேரளத்தின்பால் அமைந்தன. பாலக்காடு 1957இலும் இடுக்கி 1972இலும் தனி மாவட்டங்களாயின. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வழிவகை செய்யும் 350அ என்னும் உறுப்பும் 1956இல்தான் அரசமைப்பில் சேர்க்கப்பட்டது. இன்றும் இவ்விரு மாவட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன.

இப்பள்ளிகளின் மாணவர் பாடங்களைத் தமிழிலும் ஊர் வழக்கை இரு மொழிகளிலும் அறிபவர். பாடநூலுக்குக் கலைச்சொல் வகுக்கும் குழுக்கள் உண்டு. திண்ணையில் கற்கும் விளையாட்டுக்கு அத்தகைய குழு இல்லை. ஆகவே சதுரங்கச் சொற்கள் எவராலும் ஒழுங்கு செய்யப்படாமலே இம்மாணவரை வந்தடைகின்றன.

3. இரு மொழிகளின் காய்ப்பெயர்கள்

அரசனுக்கும் குதிரைக்கும் காலாளுக்கும் இரு மொழிகளிலும் பெயர் ஒத்தோ நெருங்கியோ அமைகிறது. தமிழில் காலாள், சிப்பாய் என்னும் இரு வழக்குகள் உண்டெனினும் பொருள் மயக்கம் இல்லை. வேறுபாடு எஞ்சிய மூன்று காய்களில் உள்ளது.

மூலைக் கட்டத்தில் நின்று நேர்கோட்டில் செல்லும் காயைத் தமிழர் யானை என்றும் கோட்டை என்றும் வழங்குவர். மலையாளத்தில் அது தேர். குதிரைக்கு அடுத்து நின்று மூலைவிட்டமாகச் செல்லும் காய் தமிழில் மந்திரி அல்லது அமைச்சர், மலையாளத்தில் ஆனை. அரசனை அடுத்து நின்று எல்லாத் திசைகளிலும் செல்லும் காய் தமிழில் ராணி அல்லது அரசி. மலையாளத்தில் மரபுவழிப் பெயர் மந்திரி, இக்கால வழக்கில் ராணியும் உண்டு.

ஆகவே யானை, மந்திரி ஆகிய இரு சொற்களும் இரு மொழிகளுக்கும் பொதுவாயினும் அவை குறிக்கும் காய்கள் வெவ்வேறாகின்றன. வடிவம் ஒத்துப் பொருள் வேறுபடும் இத்தகைய சொற்களே இன மொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போரைப் பெரிதும் ஏமாற்றுவன. அறியாத சொல் ஐயத்தை எழுப்பும். அறிந்த சொல் ஐயமே எழுப்பாது.

4. வேறுபாட்டின் வரலாறு

சதுரங்கம் என்பது நான்கு உறுப்புகளை உடையது எனப் பொருள்படும் வடசொல். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையை அது சுட்டுகிறது. தமிழில் அச்சொல்லைச் சதுரமான அரங்கம் எனப் பிரித்துப் பொருள் கொள்வாரும் உளர். பலகையின் வடிவம் அப்பிரிப்புக்குத் துணைபுரிகிறது; எனினும் அது பிற்காலப் பொருள்கோளே.

இவ்விளையாட்டு இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும் பின்னர் அரபு நாடுகளுக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றது. பாரசீக வழக்கில் மூலைக் காய் ருக். அது தேரைக் குறித்ததென்பர். அரபியில் மூலைவிட்டக் காய் யானையைக் குறிக்கும் ஃபீல் என்னும் பெயர் பெற்றது. ஸ்பானியர் அதனை அல்ஃபில் என இன்றும் வழங்குகின்றனர். ரஷ்ய மொழியில் அக்காயின் பெயர் ஸ்லோன், அதாவது யானை. அரசனை அடுத்த காய் பாரசீகத்தில் அமைச்சனைக் குறித்த ஃபர்சீன். ரஷ்ய மொழியில் அது ஃபெர்ஸ் என நிலைத்தது. மூலையில் தேர், இடையில் யானை, அரசனருகே மந்திரி என்னும் மலையாள அமைப்பு இப்பழைய அமைப்போடு முழுதும் பொருந்துகிறது. வங்காளியிலும் மூலைவிட்டக் காய் கஜமே. அரசனருகே நிற்பது மந்திரியே.

இதனால் தமிழ் வழக்கு பிழையானது என்றாகாது. யானையை மூலையில் நிறுத்தும் அமைப்பு இந்தியரிடையே இருந்ததாக 9ஆம் நூற்றாண்டு அரபுச் சதுரங்க ஆசிரியர் அல்-அத்லி குறிப்பிட்டுள்ளார். இந்தியிலும் மூலைக் காய் யானையே. மூலைவிட்டக் காய் அங்கு ஒட்டகம். தமிழில் மந்திரி இடம்பெயர்ந்தமைக்கு வேறொரு காரணம் இருக்கலாம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அரசனருகே நின்ற காய்க்கும் மூலைவிட்டக் காய்க்கும் நெடுந்தொலைவு செல்லும் ஆற்றல் தரப்பட்டது. அங்கு அரசியின் பெயரைப் பெற்றிருந்த அக்காய் ஆங்கிலேயர் வழி இந்தியாவுக்கு வந்தபோது அரசனருகே ராணி அமர, தன் இடத்தை இழந்த மந்திரி அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது எனக் கருத இடமுண்டு.

5. உள்நாட்டு விதியிலிருந்து உலக விதிக்கு

பெயர்களோடு விதிகளும் மாறின. உள்நாட்டு ஆட்டத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அரசன் ஒருமுறை குதிரைபோல் தாவலாம். கோட்டை கட்டுதல் இல்லை. இரு முறைகளும் அருகருகே நிலவிய காலத்துக்குச் சான்றாக 1814இல் பம்பாயில் வெளிவந்த நூல் ஒன்றைக் காட்டலாம். தென்னாட்டவரான திருவேங்கடாசாரிய சாஸ்திரி வடமொழியில் இயற்றி ஆங்கிலமாக்கப்பட்ட அந்நூல், ஐரோப்பிய ஆட்டமுறைக்கேற்ப அமைந்த நிலைகளின் வழியே கற்போரின் திறனை வளர்க்க முயன்றது.

உள்நாட்டு விதியில் தேர்ந்து, பின்னரே உலக விதியைக் கற்ற மீர் சுல்தான் கான் 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் வாகையர் பட்டம் வென்றார். ஏட்டறிவு சார்ந்த தொடக்க ஆட்டத்தில் அவர் பின்தங்கியும் நடு, இறுதி ஆட்டங்களில் மேம்பட்டும் விளங்கினார். முறை மாறியபோதும் அடிப்படைத் திறன் அழியவில்லை என்பதை இது காட்டுகிறது. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் தமிழகத்தில் உலக விதியைப் பரப்புவதில் பெரும்பங்கு ஆற்றினார். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972இல் தொடங்கப்பெற்ற தால் சதுரங்கக் கழகம் பல இளைஞர்களுக்குப் பயிற்சிக்களமாயிற்று. தாயிடம் முதற்பாடம் கற்ற விசுவநாதன் ஆனந்த் அங்கு ஆடிப் பழகி, 1988இல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். கேரளத்தின் முதல் கிராண்ட் மாஸ்டராக ஜி. என். கோபால் 2007இல் பட்டம் பெற்றார்.

6. ஒரு தொடர், இரு பொருள்

யானையைக் கொடுத்து மந்திரியை வாங்குக என்னும் அறிவுரையை எடுத்துக்கொள்வோம். காய்களின் மதிப்பைக் காலாளுக்கு 1, குதிரைக்கும் மூலைவிட்டக் காய்க்கும் 3, மூலைக் காய்க்கு 5, அரசிக்கு 9 எனக் கணக்கிடுவது வழக்கம். தமிழ் வழக்கில் இத்தொடர் 5 மதிப்பைக் கொடுத்து 3 பெறச் சொல்கிறது. பெரும்பாலும் அது இழப்பு. மலையாள மரபு வழக்கில் அதே தொடர் 3 கொடுத்து 9 பெறச் சொல்கிறது. எவரும் விரும்பும் ஆதாயம். இலக்கண அமைப்பு ஒன்றே, சொற்களும் ஒன்றே, ஆனால் ஒன்று தோல்விக்கும் மற்றொன்று வெற்றிக்கும் வழிகாட்டுகிறது.

இடைமொழி வழி மொழிபெயர்க்கும்போது சிக்கல் மேலும் தெளிவாகிறது. ரஷ்ய நூலின் ஸ்லோன் ஆங்கிலத்தில் ஆயரைக் குறிக்கும் பிஷப் ஆகி, தமிழில் மந்திரி ஆகிறது. நேரே பெயர்க்கும் ஒருவர் அகராதியை மட்டும் நம்பி யானை என எழுதினால், தமிழ் வாசகர் மூலைக் காயை நகர்த்துவார். மலையாள வாசகருக்கோ அதே சொல் சரியான காயையே காட்டும்.

குறியீட்டு முறையிலும் இச்சிக்கல் உண்டு. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகள் காய்களைக் குறிக்க அவரவர் மொழியின் முதலெழுத்தைப் பயன்படுத்த இடமளிக்கின்றன. மலையாளத்தில் ராஜாவு, மந்த்ரி, தேரு, ஆன, குதிர ஆகிய ஐந்தும் வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குகின்றன. தமிழில் ராஜா, ராணி என்றால் இரண்டு ரா. தூய தமிழ் நாடி அரசன், அரசி, அமைச்சர் என்றால் மூன்று அ. தனித்தனியே பார்க்கின் குற்றமற்ற கலைச்சொற்கள், தொகுதியாக வைக்கும்போது பயன்படாது போகின்றன. ரஷ்யர் அரசனுக்கு மட்டும் ஈரெழுத்து இட்டும், ஆங்கிலேயர் குதிரைக்கு இரண்டாம் எழுத்தை எடுத்தும் இவ்விடரைக் கடந்தனர்.

7. கற்றலில் பெயரின் இடம்

மொழியின் அமைப்பை விளக்கச் சசூர் சதுரங்கத்தையே உவமையாகக் கொண்டார். காயின் மதிப்பு அதன் மரத்திலோ தந்தத்திலோ இல்லை. பிற காய்களோடு கொண்ட உறவில் உள்ளது என்பது 1916இல் வெளிவந்த அவருடைய விரிவுரைகளின் கருத்து. இதன்படி எந்தப் பெயரும் போதுமானது. தேர்ந்த ஆட்டக்காரரைப் பொறுத்தவரை இது உண்மையே. சேஸ், சைமன் இருவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு, வல்லுநர் காய்களைத் தனித்தனியே அல்லாமல் பொருளுடைய தொகுதிகளாக நினைவில் கொள்வதைக் காட்டியது. ஒழுங்கின்றிப் பரப்பிய காய்களை நினைவுகூர்வதில் அவர்களின் மேன்மை பெரும்பாலும் மறைந்துவிட்டது. சொற்களை மறந்து தொடராகவே கேட்கும் மொழி வல்லாரின் நிலை அது.

தொடக்க நிலை மாணவர் அங்ஙனம் இல்லை. அவருக்குப் பெயரே இயக்கத்தை நினைவூட்டும் கைப்பிடி. வீட்டில் யானை நேரே செல்வதாகக் கற்ற சிறுமி, பள்ளியில் ஆனை சாய்வாகச் செல்வதைக் கேட்கும்போது தான் தவறாகக் கற்றதாகவே எண்ணுவாள். தன் வீட்டில் கற்பித்தவரை ஐயுறுவதும், தன் மொழியை ஐயுறுவதும் அவ்வயதில் வெகு தொலைவில் இல்லை. காய்ப்பெயர் சிறிய செய்தி போலத் தோன்றினும், சிறுபான்மை மொழி பேசும் மாணவரிடம் அது விளைவிக்கும் தயக்கம் சிறிதன்று.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தமிழ், மலையாளக் காய்ப்பெயர்கள் ஒரே விளையாட்டின் இருவேறு மரபுகளைப் பேணி நிற்கின்றன. இரண்டும் வரலாற்றுச் சான்றுடையன. எல்லைப்புறப் பள்ளிகளில் ஒன்றை நீக்கி மற்றொன்றைப் புகுத்துவதினும், காயின் படத்தோடு இரு பெயர்களையும் முதல் நாளிலேயே கற்பித்தல் பயனுடையது. தமிழில் எழுதுவோர் மூலைக் காய்க்குக் கோட்டை என்னும் சொல்லை மேற்கொண்டால் யானையால் வரும் மயக்கம் நீங்கும். கோட்டை கட்டுதல் என்னும் வழக்கோடும் அது இயையும். மொழிபெயர்ப்பாளர் சொல்லைப் பெயர்க்குமுன் அச்சொல் எக்கட்டத்தில் நிற்கிறது என்பதை உறுதிசெய்தல் வேண்டும். காய்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றை நூலின் முதற்பக்கத்தில் படத்துடன் தருவது எளிய பணி. எல்லையின் இருபுறமும் கற்கும் பிள்ளைகளுக்கு அது பெருந்துணையாகும்.