தோட்டத்துக் கள்ளுக்கடை முதல் சிரம்பான் பப் வரை

சிரம்பான் நகரில் மாலை வேளையில் நடந்தால் பப், பிஸ்ட்ரோ என்று பெயர்ப்பலகை மாட்டிய குடிக்கூடங்கள் கண்ணில் படும். நம் தாத்தாமார் காலத்தில் குடிப்பதற்குக் கூடிய இடம் லயத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த கள்ளுக்கடை. லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களைக் கேட்டால், பெரட்டுக் களம், கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றோடு கள்ளுக்கடையையும் சேர்த்தே சொல்வார்கள்.

கள் எப்படி உருவாகிறது?

தென்னம்பாளையைக் கட்டி, மெல்லத் தட்டி, நுனியைச் சீவினால் இனிப்பான சாறு வடியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது பதநீர். பூசாவிட்டால் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதைப் புளிக்க வைத்துவிடும். அதன் மதுச்சத்து ஏறக்குறைய 4 முதல் 6 விழுக்காடு, அதாவது பீர் அளவுதான். ஓரிரு நாளில் காடியாகிவிடும் என்பதால் அன்றைய கள்ளை அன்றே விற்றாக வேண்டும்.

யாருக்கு லாபம்?

ஆங்கிலேயர் காலத்தில் கள் விற்பனைக்கு அரசு உரிமம் வழங்கியது. தோட்டக் கடைகள் நிர்வாகத்தின் கையில் இருந்தன. காலையில் மரம் வெட்டிப் பெற்ற கூலியின் ஒரு பகுதி மாலையில் அதே தோட்டத்தின் கடைக்குத் திரும்பியது. வேலைக் களைப்பைப் போக்கக் கள் வேண்டும் என்று துரைமார் வாதிட்டனர். அரிசிக்கும் துணிக்கும் போக வேண்டிய காசு கரைந்ததை வீட்டுப் பெண்கள்தாம் அறிவார்கள்.

எழுந்த எதிர்ப்பு

1936-ல் அமைந்த மலாயா மத்திய இந்தியர் சங்கம் கள்ளை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் கோரிக்கையாக இருந்தது. அதன் தலைவர் ஆர்.எச். நாதன் அந்த மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947 பிப்ரவரியில் பீடோங்கில் காவல் துறையினர் தலையிட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தன்மானத்துக்கான போராட்டமும் கள் எதிர்ப்பும் அன்று ஒன்றாகவே நடந்தன.

கள் போனது, சம்சு வந்தது

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களோடு கள்ளுக்கடைகளும் மறைந்தன, குடிப்பழக்கம் மறையவில்லை. நகரத்துப் பப்பில் பீர் விலை கூலித் தொழிலாளிக்குக் கட்டாது. அந்த இடைவெளியில் சம்சு புகுந்தது. சிறு போத்தலில் மலிவாகக் கிடைக்கும் இந்தக் காய்ச்சிய சாராயம் கள்ளைவிடப் பல மடங்கு கடுமையானது. கள்ளுக்கடையில் நாலு பேர் பார்வையில் இருந்த குடி, வீட்டு மூலைக்கு வந்து சேர்ந்தது.

கள்ளச் சம்சுவிலும் போலி மதுவிலும் மெத்தனால் கலந்திருக்கும் ஆபத்தும் உண்டு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் இத்தகைய நச்சு மது 40-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அறிகுறிகள் தெரிய 12 மணி நேரத்துக்கும் மேலாகலாம். குடித்தவருக்குப் பார்வை மங்கினாலோ, வாந்தியும் மூச்சுத் திணறலும் வந்தாலோ, 'மயக்கம், தூங்கினால் தெளியும்' என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

சட்டம் சொல்வது

கள் இறக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். 2017 டிசம்பர் 1 முதல் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மது விற்கக் கூடாது. பக்கத்து மளிகைக் கடை இந்த விதியை மீறினால் தட்டிக் கேட்பது குடியிருப்புவாசிகளின் கையில்தான் இருக்கிறது. கள்ளுக்கடை முன் மறியல் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதுகூட முடியாதா?