ஊஞ்சலும் வானொலியும்

சித்திரை வருடப் பிறப்புக்கு மரக்கிளையில் ஊஞ்சல் கட்டுவது யாழ்ப்பாணத்தின் பழைய வழக்கம். ஒருமுறை ஆட்டிவிட்ட ஊஞ்சல் நெடுநேரம் ஆடும். ஆடுகிறவன் காலை நிலத்தில் உரசவிட்டாலோ விரைவில் ஓய்ந்துவிடும். வானொலியின் வரலாறும் ஏறத்தாழ இந்த ஊஞ்சலின் கதையே.

கம்பிச் சுருள் ஒன்றையும் கொள்ளளவி ஒன்றையும் இணைத்துவிட்டால், மின்னாற்றல் அவ்விரண்டுக்கும் இடையே தனக்குரிய மீடிறனில் போய்வந்துகொண்டிருக்கும். இச்சுற்றை ஆங்கிலர் 'டாங்க்' என்பர். ஈழத்து ஆங்கிலத்திலே குளத்துக்கும் அதுவே பெயர்! பொருத்தமான பெயர்தான். வயலுக்கு நீர் விடாத குளத்தால் பயனில்லை. மதகை முழுவதும் திறந்தாலோ குளமே வற்றிவிடும்.

1889 இல் லிவர்ப்பூலில் ஒலிவர் லொட்ஜ் என்னும் பேராசிரியர் இரு லெய்டன் சாடிகளை வைத்துப் பரிவைக் காட்டினார். ஒன்று பொறி விட்டபோது, அதனோடு இசைவித்த மற்றதும் பொறி விட்டது. ஆயினும் ஓர் இக்கட்டு இருந்தது. மூடிய சுற்று நெடுநேரம் அதிரும், கூர்மையாக இசையும், ஆனால் அலைகளை வெளியே விடாது. உயர்ந்த வான்கம்பியோ அலைகளைத் தாராளமாக வழங்கிவிட்டுச் சில அதிர்வுகளிலேயே ஓய்ந்துவிடும், இசைவும் மழுங்கிப்போகும். ஜேர்மனியரான பிரவுணும், 1900 இல் 7777 ஆம் இலக்க உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்த மார்க்கோனியும் மூடிய சுற்றில் ஆற்றலைத் தேக்கி, அளவாக வான்கம்பிக்கு ஊட்டினர். இணைப்பை மிக நெருக்கியபோது ஒரு மீடிறன் இரண்டாகப் பிரிந்து தொல்லை கொடுத்தது. பின்னர் வந்த வால்வுகள், இழந்த ஆற்றலை இடைவிடாது ஈடுசெய்தமையால், பேச்சும் இசையும் வானில் ஏறின.

இலங்கையில் அப்பணியைத் தொடக்கியவர் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர். 1923 இல் சோதனைகள் நடந்தன. 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு நிலையம் முறையாகத் தொடங்கிற்று. 1939 இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் எழுந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வரும் கச்சேரியையும் கொழும்புச் செய்தியையும் மாறி மாறிக் கேட்கும் வாய்ப்பு யாழ்ப்பாணத்து நேயர்களுக்குக் கிட்டியது.

இங்கேயும் பழைய இக்கட்டு விடவில்லை. பனையின் உச்சியிலிருந்து நீண்ட கம்பியை இழுத்து, பெட்டியின் சுருளோடு நேரே பொருத்தினால் ஓசை பெருகும். ஆனால் அக்கம்பி சுருளுக்குச் சுமையாகிறது. நிலத்தில் உரசும் கால் ஊஞ்சலுக்குச் செய்வதையே செய்கிறது. இசைவு அகன்று, ஒரு நிலையத்தின் மீது மற்றொன்று ஏறிவிடும். கம்பிக்கும் சுருளுக்கும் இடையே சிறிய கொள்ளளவி ஒன்றை வைத்தால் சுமை குறையும். பாட்டு சற்று மெலிந்தே கேட்கும். ஆனால் தனித்துக் கேட்கும்.