இயந்திரம் பாடிய பாட்டும் பெயரற்றுப் போனவர்களும்

1951 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிரித்தானியாவின் மான்செஸ்டர் நகரில், பிபிசி வானொலியின் ஒலிப்பதிவுக் குழுவொன்று ஒரு கணனியின் முன்னால் வந்து நின்றது. அங்கே பாடகர் எவரும் இருக்கவில்லை. வாத்தியமும் இல்லை. ஃபெரன்டி மார்க் 1 என்ற அந்தப் பெரிய இயந்திரமே பாடியது. முதலில் பிரித்தானிய தேசிய கீதம், அடுத்து ஒரு குழந்தைப் பாடல், இறுதியாக அக்காலத்தில் பிரபலமாயிருந்த ஒரு நடன இசை. இடையில் இயந்திரம் தடுமாறி நின்றுவிடுகிறது. சூழ நின்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பும் ஒலித்தட்டிலே பதிவாகியிருக்கிறது.

நெடுங்காலம் அந்தத் தட்டை ஒலிக்கவிட்டவர்கள் கேட்டது சரியான சுரங்களை அல்ல. பதிவுக் கருவி உரிய வேகத்தில் சுழலாததால் சுரங்கள் எல்லாம் இடம் பெயர்ந்திருந்தன. நியூஸிலாந்தின் கன்ரபரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் கோப்லாண்ட், ஜேசன் லோங் ஆகிய இருவரும் கணக்கிட்டு அதனைச் சீர்செய்து 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதனை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இனிமையான இசை என்று சொல்வதற்கில்லை. ஆயினும், கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று மனதைத் தொடுகிறது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பத்திரிகைத் துறைக்கு வந்த காலத்தில் ஆசிரியபீடத்தின் மூலையில் ரெலிபிரின்டர் இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருக்கும். அவசரச் செய்தி வரும்போது அதன் மணி அடிக்கும். எத்தனை தடவை மணி அடிக்கிறது என்பதை வைத்தே செய்தியின் பாரதூரத்தை நாம் ஊகித்துக்கொள்வோம். மான்செஸ்டர் கணனியிலும் அப்படித்தான். அதன் ஒலிபெருக்கி இசைக்காகப் பொருத்தப்பட்டதல்ல. இயந்திரத்தை இயக்குபவருக்குச் சமிக்ஞை தருவதற்காகப் பொருத்தப்பட்டது. ஒரே கட்டளையை மிக விரைவாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அந்த ஒலி ஒரு சுரமாகிவிடும் என்பதை அலன் ரூறிங் தமது கையேட்டிலே விளக்கியிருந்தார். கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி என்ற பாடசாலை ஆசிரியர் அதைப் படித்து, தேசிய கீதத்தையே நிரலாக எழுதி ஓட்டிக் காட்டினார். அதே 1951 இல் அவுஸ்திரேலியாவின் சிசிராக் கணனியும் பாடியது. ஆனால் அந்நிகழ்வை அன்று எவரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. பதிவு செய்யப்படாதது வரலாற்றில் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இன்று 'சிப்டியூன்' என்ற பெயரில் அறியப்படும் இசையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அது ஒரு கலையாக வளர்ந்தது 1982 ஆம் ஆண்டில் வெளிவந்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கணனியிலேயாகும். அதன் ஒலிச் சிப்பான 'சிட்' ஐ வடிவமைத்தவர் பொப் யானெஸ் என்ற இளம் பொறியியலாளர். மின்னிசைக் கருவிகளில் ஈடுபாடு கொண்டிருந்த அவர், அன்றைய கணனிகள் எழுப்பிய வெறும் பீப்பொலிகளில் திருப்தி கொள்ளாமல், கணனிக்குள் ஓர் உண்மையான வாத்தியத்தையே வைக்க முயன்றார். மூன்று குரல்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வகை அலைவடிவங்கள். ஒலி எழும் விதத்தையும் தேய்ந்து மறையும் விதத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் வசதி. இவற்றோடு ஒலியை வடிகட்டவும் ஓர் ஏற்பாடு.

மூன்று குரல்களைக் கொண்டு என்ன செய்யமுடியும்? மெட்டுக்கு ஒன்று, அடிநாதத்துக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று என்று பிரித்தால் எல்லாமே முடிந்துவிடும். மேலைத்தேய இசைக்கு அவசியமான, பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இணைவுக்கு இடமே இல்லை. இங்கேதான் றொப் ஹபார்ட், மார்ட்டின் கால்வே போன்றவர்கள் ஓர் உபாயத்தைக் கையாண்டார்கள். ஒரே குரலிலே மூன்று சுரங்களை மாற்றி மாற்றி, வினாடிக்கு 50 தடவை என்ற வேகத்தில் ஒலிக்கவிட்டார்கள். செவி ஏமாந்துபோகிறது. தனித்தனிச் சுரங்களாக அல்லாமல், நடுங்கி மின்னும் ஒரே இணைவாக அதனைக் கேட்கிறது. சிப்டியூன் இசையை எங்கு கேட்டாலும் அடையாளம் காட்டிவிடும் அந்தத் துடிப்பு, வறுமையிலிருந்து பிறந்தது. ஹபார்ட் போன்றோர் தாளில் சுரம் எழுதியவர்கள் அல்லர். இயந்திர மொழியிலே எண்களை அடுக்கி, இசையையும் அதனை வாசிக்கும் நிரலையும் சேர்த்தே எழுதினர்.

1989 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் போய்' என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. நான்கு பென்டோர்ச் பற்றறிகளில் இயங்கியது. அதன் ஒலியமைப்பை உருவாக்குவதில் முக்கிய பங்கு வகித்த ஹிரோகாசு தனாக்கா பொறியியலாளர் மட்டுமல்லர், இசையமைப்பாளரும் ஆவார். கேம் போயின் டெற்றிஸ் விளையாட்டில் ஒலிக்கும் அந்தப் புகழ்பெற்ற ரஷ்ய நாட்டார் மெட்டை நான்கு ஒலித்தடங்களுக்குள் அமைத்துக் கொடுத்தவர் அவரே. கோடிக்கணக்கான பிள்ளைகளின் காதுகளில் அவரது இசை ஒலித்தது. அவரது பெயர் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? அக்காலத்து ஜப்பானிய விளையாட்டு நிறுவனங்கள் பல, போட்டியாளர்கள் தமது கலைஞர்களைக் கவர்ந்து சென்றுவிடுவார்கள் என்ற அச்சத்தால் அவர்களைப் புனைபெயர்களுக்குள் மறைத்து வைத்திருந்தன.

கேம் போய் பழைய பொருளாகிவிட்ட பின்னர்தான் அது வாத்தியமாக மாறியது. 1998 இல் ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் ஒலிவர் விட்சோ என்ற கலைக் கல்லூரி மாணவர் 'நானோலூப்' என்ற நிரலை எழுதினார். சில ஆண்டுகளில் சுவீடன் நாட்டவரான யொஹான் கொட்லின்ஸ்கி 'லிற்றில் சவுண்ட் டீஜே' யை வெளியிட்டார். விளையாட்டு அட்டைக்குப் பதிலாக இவற்றைச் செருகினால், சில பொத்தான்களைக் கொண்டே முழுப் பாடலையும் இயற்றலாம். 2006 இல் நியூயோர்க்கில் 'பிளிப்' என்ற பெயரில் இவ்விசைக்கென்றே ஒரு விழா ஆரம்பமானது.

இந்த வரலாற்றில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது ஒரு வழக்கு. பின்லாந்தைச் சேர்ந்த யானே சுனி 2000 ஆம் ஆண்டில் அமிகா கணனியில் நான்கு தடங்களில் ஓர் இசைத்துண்டை இயற்றி, அவ்வாண்டின் 'அசெம்பிளி' விழாப் போட்டியில் முதலிடம் பெற்றார். நோர்வே நாட்டவரான கிளென் ரூன காலெஃபோஸ் அதனை 'சிட்' சிப்புக்காக மாற்றியமைத்தார். 2002 இல் அது அவுஸ்திரேலியாவில் தயாரான ஒரு வட்டுச் சஞ்சிகையில் வெளியானது. 2006 இல் வெளிவந்த நெல்லி ஃபுர்டாடோவின் இசைத்தொகுப்பில், ரிம்பலாண்ட் தயாரித்த ஒரு பாடல் இதிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. உரிமையைப் பெற்றிருந்த பின்லாந்து நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது.

அங்கே வாதிக்கப்பட்டது என்ன தெரியுமா? இரு இசைகளும் ஒன்றா என்பதல்ல. அந்தச் சஞ்சிகை முதலில் எங்கே, எவ்வாறு வெளியிடப்பட்டது, இணையத்திலா அல்லது வட்டுகளிலா, அமெரிக்காவில் பதிவு செய்திருக்க வேண்டுமா என்பதுதான். பதிவு தேவையில்லை என்பதை நிரூபிக்கத் தவறியதால் 2012 இல் மேன்முறையீட்டிலும் வழக்கு தோற்றது. எடுக்கப்பட்டதா இல்லையா என்ற கேள்விக்கு அந்நீதிமன்றம் விடை சொல்லவேயில்லை.

என் இளமைக் காலத்தில் நான் எழுதிய கட்டுரையொன்று வரிக்கு வரி இன்னொருவர் பெயரில் வெளிவந்தது. முறையிடச் சென்றபோது, கையெழுத்துப் பிரதி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். அது அச்சுக்கோப்பவரின் மேசையோடு போய்விட்டிருந்தது. சுனியின் வழக்கைப் படித்தபோது அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது.

இதிலே இன்னுமொரு ஆபத்தும் உண்டு. கேம் போயில் இயற்றிய பாடல்களை அட்டைக்குள் காத்து வைத்திருப்பது பொத்தான் அளவிலான ஒரு சிறு பற்றறி. அது செத்தால் பாடலும் செத்துவிடும். பிரதி எடுக்காமல் விட்டவர்கள் இழந்தவை எவ்வளவோ.

ஆறுதலான செய்தியும் இல்லாமலில்லை. 'ஹை வோல்டேஜ் சிட் கலெக்ஷன்' என்ற ஆவணத் தொகுப்பைத் தொண்டர்கள் பல தசாப்தங்களாகப் பேணி வருகின்றனர். 50,000 க்கும் அதிகமான கொமடோர் 64 இசைத்துண்டுகள் அதிலே சேர்க்கப்பட்டுள்ளன. அவர்கள் இசையை மாத்திரம் சேகரிக்கவில்லை. ஒவ்வொரு துண்டிலும் தலைப்புக்கும் ஆண்டுக்கும் அருகே இயற்றியவரின் பெயருக்கென ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் வெறும் வினாக்குறி நின்றால், பெயர் கிடைக்கும்வரை தேடுகிறார்கள். ஊதியமில்லாத வேலை. ஆனால் ஒரு பத்திரிகையாளன் என்ற வகையில், அதன் பெறுமதியை நான் அறிவேன்.