பாமன்கடை ஒழுங்கையில் அறிதுயில்: கொழும்புத் தமிழ்ச் சூழலில் ஓர் உளச்சிகிச்சை மரபு

வெள்ளவத்தையை ஒட்டிய பாமன்கடை ஒழுங்கையில் 'திருவல்லா' என்று ஒரு வீடு இருந்தது. பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களும், கூரையில் கல் விழுவதாக அஞ்சியவர்களும், செய்வினை என்று நம்பி ஊணுறக்கம் விட்டவர்களும் 1960களிலும் 70களிலும் உதவி தேடிய முகவரி அது. அங்கே மந்திரவாதி எவரும் இருக்கவில்லை. இருந்தவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியரும் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத் தலைவருமான ஏபிரகாம் தோமஸ் கோவூர். பூசாரியின் தெய்வத்தை மறுத்த கோவூர், பூசாரியின் அதிகாரக் குரலை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்டார் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது, பிறகு எப்படித் தணிந்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கோவூர் கையாண்ட கருவி அறிதுயில், அதாவது ஹிப்னோட்டிசம். அதை மேற்கின் சரக்கு என்று முழுதாகத் தள்ளிவிட முடியாது. கோவாவின் கண்டோலிமில் 1756இல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா 1813இல் பாரிஸில் இதைச் செய்து காட்டினார். அவருக்கு முன் மருத்துவர் மெஸ்மர் சொன்ன காந்தத் திரவம் எதுவும் இல்லை, துயில்பவரின் மனமே வேலை செய்கிறது என்பது அவர் கண்டது. 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் நோயாளிகளை மெஸ்மரிசத் துயிலில் ஆழ்த்திப் பெரிய கட்டிகளை அகற்றினார். உதவியாளர்கள் உடல்மேல் மணிக்கணக்காகக் கையை ஓட்டவேண்டியிருந்தது. 1847இல் குளோரோஃபோம் வந்ததும் அந்தப் பொறுமைக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

இலங்கையில் இதைப் பொதுமக்கள் முன் கொண்டுவந்தவர் பௌத்த மறுமலர்ச்சிக்கு உழைத்த அமெரிக்கரான கேணல் ஒல்கொட். களனிப் பக்கத்துக் கிணறு ஒன்று நோய் தீர்ப்பதாகக் கத்தோலிக்கர் நடுவே பேச்சு எழுந்திருந்த நேரம். 1882 ஆகஸ்டில் காலியில், கையும் காலும் விளங்காத ஒருவருக்கு ஒல்கொட் புத்தரின் பெயரால் கை ஓட்டிப் பார்த்தார். குணம் தெரிந்தது என்பது அவருடைய நாட்குறிப்பு. அதன்பின் தென்னிலங்கையெங்கும் நோயாளர் கூட்டம் அவரை மொய்த்தது. அடுத்த ஆண்டு ஈஸ்டர் நாளன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டது; பௌத்தர்களின் முறையீட்டை இலண்டன் வரை கொண்டுபோனவரும் ஒல்கொட்தான். இங்கே சிகிச்சை தொடக்கத்திலேயே மதப் போட்டிக்குள் சிக்கிவிட்டதை இது காட்டுகிறது. யாருடைய பெயரால் குணமாகிறது என்பதுதான் அன்றைய கேள்வி. நோயாளியின் உள்ளத்தில் என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் மார்த்தோமாப் பாதிரியார் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, கல்கத்தாவில் படித்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். அங்கே அவரிடம் வேதாகமப் பாடம் ஒப்படைக்கப்பட்டதாகவும், மாணவர் எல்லோரும் சித்தியடைந்து விசுவாசத்தை மட்டும் இழந்ததாகவும் ஒரு கதை உண்டு. கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து 1959இல் ஓய்வு பெற்றார். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்த சவால்தான் பலருக்கு நினைவிருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருடைய வீட்டு விசாரணை.

கல் விழும் வீட்டுக்குப் போனால் கோவூர் கூரையைப் பார்ப்பதில்லை, மனிதரைப் பார்ப்பார். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனியறையில் இருத்திப் பேசுவார். யாருக்கு யார்மேல் மனத்தாங்கல், யாருடைய கலியாணம் தள்ளிப்போகிறது, பிள்ளைகளில் யாரை யாரும் கவனிப்பதில்லை என்று துருவுவார். கல்லெறியும் கை பெரும்பாலும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும். சில வேளை தான் செய்வது அந்த ஆளுக்கே தெரிந்திராது. அவரை அறிதுயிலில் ஆழ்த்தி, இனி இது நடக்காது என்று உறுதியாகச் சொல்லி எழுப்புவார். பிறகு குடும்பத்தாருக்கும் புத்தி சொல்வார். இன்று குடும்ப உளவளத்துணை என்று தனிப் பயிற்சியாகப் படிப்பிக்கப்படுவதன் பாதியை, பட்டம் எதையும் எதிர்பாராமல் அவர் செய்துகொண்டிருந்தார். அவருடைய குறிப்பு ஒன்றைத் தழுவி 1972இல் 'புனர்ஜன்மம்' என்ற மலையாளப் படமும், அடுத்த ஆண்டு தமிழில் 'மறுபிறவி'யும் வந்தன.

ஆனால் துயிலில் விழுந்தவருக்குக் கிடைத்தது கட்டளை. பார்வை பார்ப்பவர் "போ" என்று பேயிடம் சொன்னதைக் கோவூர் நோயாளியிடம் சொன்னார். பகுத்தறிவாளர்கள் இதை ஒப்பமாட்டார்கள். இருந்தாலும் நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அமைப்புத்தான்: பெரியவர் சொன்னார், விட்டுவிட்டது. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் மதம் பாராமல் கூடும் கூட்டமும் அப்படியொரு பெரியவரைத்தான் தேடிவருகிறது.

கோவூரின் காலத்திலேயே அமெரிக்காவில் மில்டன் எரிக்சன் அந்தக் கட்டளையைக் கைவிட்டுக்கொண்டிருந்தார். 1980இல் மறைந்த அவர் நோயாளியிடம் கதை சொன்னார், புதிர் போட்டார், மலை ஏறிவிட்டு வா என்று வேலை கொடுத்தார். கை கனமிழந்து தானாக மேலெழும் என்று சொல்லிக் காத்திருப்பார். எப்போது எழவேண்டும், எவ்வளவு எழவேண்டும் என்பது நோயாளியின் மனத்துக்கு விட்டது. வந்தவரின் சொந்த உவமைகளையும் பழக்கங்களையுமே மருந்தாக்குவது அவருடைய முறை. இதே காலத்தில் பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1955இலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958இலும் அறிதுயிலைச் சிகிச்சைக் கருவியாக ஏற்றன.

இலங்கைத் தமிழரிடையே கட்டளையைக் கைவிடும் இந்த மாற்றம் ஹிப்னோட்டிசம் என்ற பெயரோடு வரவில்லை. அது போரோடு வந்தது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், உறக்கமற்றுப் படபடப்போடு வந்தவர்களுக்கு அவரவர் மரபின் மந்திர உச்சாடனத்தையும் மூச்சுப் பயிற்சியையுமே தளர்வுப் பயிற்சியாகக் கொடுத்தார்: சைவருக்கு ஓம், கிறிஸ்தவருக்கு இயேசு ஜெபம், முஸ்லிம்களுக்கு சுபஹானல்லாஹ். கண்ணை மூடி ஒரே சொல்லில் மனத்தை நிறுத்தும்போது உடல் தளர்வதை அறிதுயில் பயின்ற எவரும் உடனே இனங்காண்பர். நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் உள நெருக்கீட்டை நாடகமாக்கி 'அன்னை இட்ட தீ'யை எழுதினார். மட்டக்களப்பில் 1996இல் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வந்து களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள். நடந்ததை நேரே சொல் என்று எவரும் வற்புறுத்தவில்லை. கட்டளையிடும் பெரியவர் இங்கே பின்னால் போய்விட்டார்.

போரில் இடம்பெயர்ந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறியவர்கள் கோவூரின் கட்டளை மரபு, போர்க்காலத்தின் தணிந்த மரபு ஆகிய இரண்டுக்கும் உரியவர்கள். எனினும் கோவூரின் குறிப்புகள் இன்று கடவுள் மறுப்புப் பிரசுரங்களாகவே வாசிக்கப்படுகின்றன. நகர்ப்புறக் குடும்பம் எப்படி நோயுறுகிறது என்பதற்கான ஆவணமாக உளவியல் மாணவர்கள் அவற்றை மறுபடி படிக்கவேண்டும். குறைகளோடு சேர்த்தே படிக்கவேண்டும்.

குறைகளில் பெரியது நினைவு பற்றியது. அறிதுயிலில் வெளிவருவதெல்லாம் உண்மை என்ற நம்பிக்கையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 1985ஆம் ஆண்டு அறிக்கை தகர்த்தது. துயிலில் சொல்லப்படுபவை கூடுதல் துல்லியமானவை அல்ல. பொய் நினைவும் உறுதியோடு கலந்துவிடும். மறுபிறப்புக் கதைகளைக் கடுமையாகச் சாடியவர் கோவூர். அவர் கையாண்ட அதே கருவியை வைத்து இன்று முற்பிறவி காட்டுவதாகச் சொல்பவர்கள் இருப்பது வரலாற்றின் குறும்பு.

ஆகவே அறிதுயில் சிகிச்சைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் சிகிச்சை அளிப்பவருடைய மருத்துவ அல்லது உளவியல் பயிற்சியைக் கேளுங்கள். மறந்த நினைவையோ முற்பிறவியையோ மீட்டுத் தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.