மூணு புயலும் ஒரு அடிபம்பும்

எங்க பக்கத்துல பெரியவங்ககிட்ட வயசைக் கேட்டா வருஷம் சொல்ல மாட்டாங்க. "அம்பத்திரண்டு புயலுக்கு நான் மடியில கெடந்த புள்ள"ன்னு சொல்வாங்க. இல்லன்னா "எழுவத்தேழு புயலப்ப எனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்"பாங்க. திருத்துறைப்பூண்டிக்குத் தெக்கே இருக்கிற ஊருங்கள்ல புயல்தான் காலண்டர். இப்ப இருக்கிற புள்ளைங்களுக்கு கஜா.

இந்தப் புயல்களைப் பத்தின பதிவுகள்ல காத்தோட வேகம் இருக்கும், செத்தவங்க எண்ணிக்கை இருக்கும், அரசாங்கம் கொடுத்த நிவாரணம் இருக்கும். காத்து ஓஞ்ச காலையிலேர்ந்து முதல் வண்டி ஊருக்குள்ள வர்ற வரைக்கும் யாரு யாருக்கு என்ன செஞ்சாங்கங்கிறது இருக்காது. அந்த மூணு நாலு நாள் கதை வாய்வழியாத்தான் கெடக்கு. சொன்னவங்க ஒவ்வொருத்தராப் போய்ச் சேர்றாங்க, அதனால எனக்குத் தெரிஞ்சதை எழுதி வைக்கிறேன். நல்லதை மட்டும் எழுதினா அது வரலாறு இல்ல, அதனால மத்ததும் வரும்.

1952 நவம்பர் 30. நாகப்பட்டினம் பக்கத்துல கரை கடந்த புயல். எங்க அப்பாயி சொல்லித்தான் எனக்கு இது தெரியும். தெரு முழுக்க மண் சுவரு, கீத்துக் கூரை. ஒரே ஒரு ஓட்டு வீடு. சாயங்காலமே காத்து ஒரு மாதிரி அடிக்க ஆரம்பிச்சதும் அந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து விட்டுட்டாராம். குடியானத்தெரு மொத்தமும் கூடத்துலயும் தாழ்வாரத்துலயும் ராத்திரி பூரா உக்காந்திருந்திருக்கு. விடிஞ்சு பாத்தா ஒரு கூரையும் இல்ல. நெல்லு நனைஞ்சு போச்சு, தீப்பெட்டியெல்லாம் நமுத்துப் போச்சு. ஓட்டு வீட்டு அடுப்புல மட்டும் நெருப்பு இருந்துச்சாம். அதை அணைய விடாம மூணு நாள் காத்து, கொட்டாங்குச்சியில தணல் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வீடு போயிருக்காங்க. நனைஞ்ச நெல்லை யாருது எவருதுன்னு பாக்காம ஒண்ணாக் கொட்டி வறுத்துக் குத்திக் கஞ்சி காய்ச்சினாங்க. அப்பாயி இதைச் சொல்லும்போது முகமே மாறிடும், அவ்வளவு பெருமை.

நான் பள்ளிக்கூடம் போற வயசுல ஒரு தடவை கேட்டேன், "காலனிக்காரங்கள்லாம் எங்க அப்பாயி இருந்தாங்க?" அப்ப அந்தத் தெருவுக்குக் காலனின்னு பேரு கெடையாது, வேற பேரு. "மாட்டுக் கொட்டாய்ல ஒண்டிக்கிட்டாங்கடா"ன்னுச்சு. மழை பெஞ்சுது, ஈரமாச்சுங்கிற மாதிரி சாதாரணமாச் சொல்லுச்சு.

1977 நவம்பர் 12. இது நானே பாத்தது, ஏழு வயசு. ஐநூறு பேருக்கு மேல செத்துப்போனாங்க. அந்தப் புயல் எங்களை அழிச்சதோட நிக்காம நெலத்தைத் தாண்டி அரபிக்கடலுக்கே போச்சு. சரியா ஒரு வாரம் கழிச்சு ஆந்திராவுல திவிசீமாவை இன்னொரு புயல் அடிச்சு ஆயிரக்கணக்குல ஜனங்க போயிட்டாங்க. "அதுக்கப்புறம் நம்மள யாரு பாப்பா"ன்னு எங்க அப்பா சொல்வாரு.

எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது கீத்து முடைஞ்சதுதான். விழுந்த தென்னையிலேர்ந்து மட்டையை வெட்டி, ரெண்டா வகுந்து, குளத்துல ஊறப் போட்டாங்க. தெருப் பொம்பளைங்க வரிசையா உக்காந்து முடைஞ்சாங்க. சேர்ற கீத்து எந்த வீட்டுக்கு முதல்ல போகணும்னு ஒரு முறை வச்சிருந்தாங்க. பச்ச ஒடம்புக்காரி இருக்கிற வீடு முதல்ல. அடுத்து வயசானவங்க இருக்கிற வீடு. வாட்டசாட்டமான ஆம்பளைங்க இருக்கிற வீடு கடைசி. எங்க வீடு கடைசியிலேர்ந்து மூணாவது. பதினோரு நாள் கோயில் மண்டபத்துலதான் தூங்கினோம். யாரும் சண்டை போடலை. வரிசை எழுதி வைக்கவும் இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

செத்த மாடுகளைப் பொதைச்சதும் வாய்க்கால்ல கெடந்த மரங்களை இழுத்துப் போட்டதும் காலனி ஆளுங்க. கூலியா நெல்லு அளந்தாங்க, அதனால அதை உதவின்னு நம்ம ஆளுங்க கணக்குல சேக்கறதில்ல. அவங்க கூரை அந்த வரிசையிலயே இல்ல. வேலை முடிஞ்சு சாயங்காலமா அவங்களே முடைஞ்சு போட்டுக்கிட்டாங்க. அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி, 1968 டிசம்பர் 25 ராத்திரி, இதே நாகப்பட்டினம் பக்கம் கீழவெண்மணியில ஒரே குடிசைக்குள்ள 44 பேரை வச்சு எரிச்சதை இந்த எடத்துல சொல்லாம விட முடியலை. அக்கம்பக்கம்ங்கிற வார்த்தைக்குத் தெரு முனையில ஒரு எல்லைக்கல் இருந்துச்சு.

2004 டிசம்பர் 26 சுனாமியில எங்க ஊருக்குள்ள தண்ணி வரலை. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. நாகூர் தர்கா, மதம் பாக்காம உடல்களைப் புதைக்கத் தன் எடத்தைக் கொடுத்துச்சு. வடக்கே பரங்கிப்பேட்டையில ஜமாத்துக்காரங்க மீனவ ஜனங்களைத் தங்க வச்சு நாள்கணக்கா சோறு போட்டாங்க. அதே சுனாமியில தலித் குடும்பங்களை முகாம்கள்ல ஒதுக்கி வச்ச செய்தியும் வந்துச்சு. ரெண்டும் ஒரே கடற்கரையில நடந்ததுதான்.

அப்புறம் கஜா. 2018 நவம்பர் 16, நடுராத்திரிக்கு மேல நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல கரண்டு கம்பம் சாஞ்சுது. இப்ப நெறைய வீடு மாடி வீடு, நெருப்புக்குத் தணல் வாங்க வேண்டாம், கேஸ் இருக்கு. ஆனா தண்ணி இல்ல. எல்லா வீட்டுலயும் போர், எல்லாப் போருக்கும் மோட்டார், மோட்டாருக்குக் கரண்டு வேணும். மேல்நிலைத் தொட்டியும் காலி. ஜெனரேட்டர் வாடகைக்கு வந்தப்ப மணிக்கணக்குப் போட்டுக் காசு வாங்கினாங்க.

ஊருலயே வேலை செஞ்ச அடிபம்பு ஒண்ணே ஒண்ணுதான், காலனி முனையில. குடியானத்தெருவுல இருந்ததையெல்லாம் மோட்டார் வந்தப்பவே கழட்டிட்டோம். ரெண்டாவது நாள் காலையில எங்க அம்மா கொடத்தை எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுச்சு. எழுவத்தஞ்சு வயசுல அந்தத் தெருவுக்குள்ள அதுதான் முதல் தடவை. நான் பின்னாடியே போனேன். அங்க முப்பது நாப்பது கொடம் வரிசையில இருந்துச்சு. ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும், அம்மாவைப் பாத்ததும், "ஆயா, நீங்க அந்தத் திண்ணையில குந்துங்க, நான் அடிச்சித் தர்றேன்"னுச்சு. வரிசையில நின்ன யாரும் மறுப்புச் சொல்லலை. அம்மா திண்ணையில குந்தறதா வேணாமான்னு கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் குந்துச்சு. அன்னையிலேர்ந்து பத்தொன்பது நாள் ரெண்டு தெருவும் குடிச்சது அந்தத் தண்ணியைத்தான்.

நாலாவது நாள்லேர்ந்து வெளியூர் வண்டிங்க வந்துச்சு. நகரத்துலேர்ந்து அரிசியும் போர்வையும் அனுப்பின உங்களை மறக்க மாட்டோம். ஆனா ஒண்ணு சொல்றேன். முக்கால்வாசி வண்டி மெயின் ரோட்டுலயே காலியாச்சு. ரோடு முடிஞ்ச எடத்துக்கு அப்புறம் இருக்கிற காலனிகளுக்கு ரொம்ப லேட்டாத்தான் போச்சு. அடுத்த தடவை அனுப்பும்போது டிரைவர்கிட்ட, கடைசித் தெரு எதுன்னு கேட்டு அங்கேர்ந்து கொடுக்க ஆரம்பிக்கச் சொல்லுங்க. கேரளா, ஆந்திராவுலேர்ந்தெல்லாம் லைன்மேன்கள் வந்தாங்க. சேத்துல அவங்களோட சேந்து கம்பத்தைத் தோள்ல தூக்கினது ரெண்டு தெருப் பசங்களும். பள்ளிக்கூடத்துல ஒரே அடுப்புலதான் எல்லாருக்கும் சோறு வெந்துச்சு. அப்பாயி இருந்திருந்தா என்ன சொல்லியிருக்கும்னு தெரியலை.

கரண்டு வந்ததும் மோட்டார் ஓட ஆரம்பிச்சுது. அந்தப் பொண்ணு எங்க தெரு வழியாப் போனா அம்மா கூப்பிட்டு நிறுத்திப் பேசும், காப்பி கொடுக்கும். வாசல்லதான் கொடுக்கும், ஆனா எங்க டம்ளர்ல.

இப்ப வீட்டுக்கு வீடு குழாய் வந்துட்டுது. அடிபம்புல கைப்பிடியைக் காணோம், வாஷரும் போயிட்டுது. நானும் காலனியில ரெண்டு பேரும் சேந்து பஞ்சாயத்துல மனு கொடுத்து நாலு மாசம் ஆச்சு. குழாய்தான் இருக்கேன்னு கேக்கறாங்க. இன்னும் பத்து நாள் பாத்துட்டு, ரெண்டு தெருவுலயும் வீட்டுக்கு நூறு ரூபா வசூல் பண்ணி நாங்களே மாட்டிடலாம்னு இருக்கோம். ஐப்பசி பொறக்கப் போவுது.